நாலு நிமிஷம், 21 டாலர் 60 சென்ட்

எங்க மாமா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல எஸ்டிடி பூத் வச்சிருந்தாரு, மஞ்ச போர்டு, கறுப்பு எழுத்து, உள்ள ஒரு கண்ணாடி கூண்டு, அதுல ஒரு ஃபேன், அது ஓடி நான் பாத்ததில்ல. காலேஜ் படிக்கும்போது சாயங்காலம் ஆனா நான்தான் அங்க உக்காருவேன், மாசம் 300 ரூபா குடுப்பாரு. அதனால போன் பில்லுல எவனாவது தில்லுமுல்லு பண்ணா நமக்கு உடனே தெரிஞ்சிரும்னு ஒரு திமிரு இருந்துச்சு. 1997 செப்டம்பர் வரைக்கும்.

தில்லுமுல்லு நம்ம ஊர்லயும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். சில்லறை இல்லன்னு மிட்டாய் குடுக்குறது, வெளிய இருந்து போன் வந்து கூப்பிட்டு விட்டா அதுக்கு ரெண்டு ரூபா வாங்குறது, பதினெட்டு ரூபா அறுவது காசுன்னு வந்தா பத்தொம்பதுன்னு சத்தமா சொல்றது. ஆனா பெரிய சண்டை எப்பவும் ஒண்ணுதான், "ரிங் போச்சு, எடுக்கவே இல்ல, எதுக்குய்யா மீட்டர் ஓடிருச்சு?" தூரத்துக்கு ஏத்த மாதிரி எக்ஸ்சேஞ்சுல இருந்து பல்ஸ் வரும், ஒவ்வொரு பல்ஸுக்கும் பொட்டில செவப்பு நம்பர் ஒரு தாவு தாவும், ஆனா சில லைன்ல எதிர்ல ஆளு எடுத்தாச்சுங்கற சிக்னல் ஒழுங்கா வராது, அப்ப பொட்டி தானா இத்தன செகண்டு ஆச்சு, எடுத்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சிரும். மாமா அப்படி வந்தா பாதி விட்டுக்குடுப்பாரு, மொறைச்சா முழுசும் விட்டுருவாரு.

ஆனா ஒண்ணு, அந்த செவப்பு நம்பர் பேசுறவன் கண்ணு முன்னாடி இருக்கும். தூத்துக்குடில இருந்து வந்த ஒரு ஆச்சி பம்பாய்ல இருக்க மவன்கிட்ட பேசும்போது கண்ணு அந்த நம்பர விட்டு நகராது, இருவது ரூபா கைல வச்சிருந்தா பத்தொம்பது வரும்போது "சரி வச்சிருதேன், ஒடம்ப பாத்துக்க"ன்னு பாதி வாக்கியத்துல வச்சிரும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரேட்டு நாலுல ஒரு பங்கா கொறையும்னு பாய விரிச்சு படுத்துக் கெடந்தவங்கல்லாம் உண்டு. ரேட்டு தெரிஞ்சா ஜனங்க அதுக்கு ஏத்த மாதிரி வாழ்ந்துக்குவாங்க.

இப்ப அமெரிக்கா. பாடி ஷாப், அதாவது கம்ப்யூட்டர் ஆளுங்கள வேற கம்பெனிக்கு வாடகைக்கு விடுற கம்பெனி ஒண்ணு, என்னைய கூட்டிட்டு வந்து நியூ ஜெர்சில எடிசன்ல ஒரு அபார்ட்மென்ட்ல போட்டுச்சு, நாலு பேரு, ஒரு போன். எங்கள்ல மூத்தவர் காரைக்குடிக்காரர், அண்ணன்னுதான் கூப்பிடுவோம். மாசா மாசம் பில்லு வந்தா அவரு அடுப்படி டேபிள்ல விரிச்சு வச்சுட்டு நாலு கலர் ஸ்கெட்ச் பேனா எடுத்து வைப்பாரு, அவரவர் பண்ண கால அவரவர் கலர்ல கோடு போடணும், எனக்கு பச்சை. கோடு போடாத கால் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அன்னைக்கு யாரும் சாப்பிட முடியாது. சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, அப்ப இந்தியாவுக்கு நிமிஷத்துக்கு டாலர் கணக்குல ஆகும், ஒருத்தன் அழுது பேசிட்டு மறந்துட்டான்னா நாலு பேர் தலையில விழும்.

நான் வந்து மூணாவது வாரம் ஒரு இன்டர்வியூவுக்கு பென்சில்வேனியால ஹாரிஸ்பர்க் போய்ட்டு பஸ்ல திரும்புறேன். வழியில ஒரு கேஸ் ஸ்டேஷன்ல பஸ் நின்னுச்சு, ஏதோ டயர் பிரச்சனை, ரெண்டு மணி நேரம் லேட்டுன்னுட்டான். அண்ணன் என்னைய கூட்டிட்டு போக பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிப்பாரே, சொல்லணுமே. சுவத்துல ஒரு பே போன் தொங்குது. சில்லறை போட்டு பேசலாம்னா அது கேக்குற அளவுக்கு கால் டாலர் காசு கைல இல்ல. அப்ப எனக்கு ரூம்ல சொல்லிக்குடுத்திருந்த டெக்னிக் ஞாபகம் வந்துச்சு. பூஜ்யம் அடிச்சு வீட்டு நம்பர அடி, கலெக்ட் கால்னு சொல்லு, அதாவது எடுக்குறவன் காசு குடுக்குற கால், உன் பேர சொல்லுன்னு மெஷின் கேக்கும், அந்த நாலு செகண்டுல பேருக்கு பதிலா விஷயத்த சொல்லிரு, அங்க எடுக்குறவன் காசு குடுக்க மாட்டேன்னு சொல்லி வச்சிருவான், விஷயம் போயிரும், செலவு இல்ல. நம்ம ஊர்ல பின்னாடி வந்த மிஸ்டு கால் இருக்கே, அதுக்கு பெரியண்ணன் இதுதான்.

நான் சொன்னேன், "அண்ணே-பஸ்-லேட்டு-ஒம்பது-மணிக்கு-வாங்க". ஒரே மூச்சுல. அங்க அண்ணனுக்கு ஒரு எழவும் புரியல, ஏதோ ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சு பதறிப்போய் ஒண்ணாம் நம்பர அமுக்கி கால ஏத்துக்கிட்டாரு. சரி ஏத்துக்கிட்டாச்சு, எவ்வளவு ஆயிரப்போகுதுன்னு நாலு நிமிஷம் பேசினோம். இன்டர்வியூல என்ன கேட்டான், சாப்பிட்டியா, குக்கர் கேஸ்கட் போயிருச்சு வரும்போது இந்தியன் கடை பக்கம் போக முடியுமா, அவ்வளவுதான்.

அடுத்த மாசம் பில்லு வந்துச்சு. கடைசி பக்கம் வேற மாதிரி இருந்துச்சு, மேல நாங்க கேள்வியே படாத ஒரு பேரு, அதுக்கு கீழ இவங்க இன்னொருத்தர் சார்பா வசூல் பண்றாங்கன்னு ஒரு வரி, அந்த இன்னொருத்தரும் யாருன்னு தெரியாது, ஒரே ஒரு கால், நாலு நிமிஷம், 21 டாலர் 60 சென்ட். அண்ணன் ஒண்ணுமே பேசல, பச்சை பேனாவ மூடிய கழட்டி என் கைல குடுத்தாரு. அன்னைக்கு டாலர் 36 ரூபா சுமார், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 780 ரூபா. மாமா பூத்துல ரெண்டரை மாசம் உக்காந்த சம்பளம். குக்கர் கேஸ்கட்டுக்கு.

பில்லுல இருந்த நம்பருக்கு போன் பண்ணேன், டோல் ஃப்ரீதான், முக்கால் மணி நேரம் பாட்டு. ஒரு அம்மா எடுத்து ரொம்ப மரியாதையா சொல்லுச்சு, எங்க ரேட்ட கவர்மென்ட்டுல ஃபைல் பண்ணிருக்கோம் சார், நீங்கதான பூஜ்யத்த அமுக்குனீங்க. ஒருவேளை திருடன் எவனாவது லைன்ல புகுந்துட்டானோன்னு நெனச்சுதான் நான் பண்ணேன், அந்த அம்மா பேசுனத கேட்டப்பறம்தான் இதுல திருடனே கெடையாதுன்னு புரிஞ்சுச்சு. எல்லாம் சட்டப்படி. அதுக்கப்பறம் ஆபீஸ்ல வெட்டியா இருந்த நேரமெல்லாம் (ப்ராஜெக்ட் கெடைக்காம பெஞ்சுல இருந்தேன், நேரம் நெறைய இருந்துச்சு) இத தோண்டி தோண்டி படிச்சேன்.

கதை 1984ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி ஏடி அண்ட் டிங்கற பெரிய போன் கம்பெனிய, பெல் கம்பெனின்னும் சொல்லுவாங்க, உடைச்சாங்க, உள்ளூர் போன் தனி, தூரத்து கால் தனின்னு ஆச்சு. அதே வருஷம் எஃப்சிசி, அங்க டெலிகாம் பாக்குற கவர்மென்ட் கமிஷன், யாரு வேணா சொந்தமா பே போன் வாங்கி மாட்டிக்கலாம்னு அனுமதி குடுத்துச்சு. கேஸ் ஸ்டேஷன்காரன், மோட்டல்காரன், லாண்ட்ரிக்காரன்னு ஆளாளுக்கு மாட்டுனாங்க. அதுக்கு "கோகாட்"டுன்னு ஒரு சுருக்கப்பேரு, மாட்டுனவனுக்கே சொந்தமான காசு போன்னு அர்த்தம், வெளிய பாத்தா பழைய பெல் கம்பெனி போன் மாதிரியே இருக்கும், உள்ள சர்க்யூட் போர்டு வேற, முதலாளி வேற.

இந்த போன்ல எவனாவது பூஜ்யம் அடிச்சா அந்த கால் எந்த கம்பெனிக்கு போகணும்னு முடிவு பண்றது போன மாட்டுனவன். பேசுறவன் கெடையாது, பில்லு கட்டுறவனும் கெடையாது. அப்ப கம்பெனிகாரங்க எதுல போட்டி போடுவாங்க? ரேட்டு கொறைச்சா பேசுறவனுக்கு தெரியவே போறதில்ல, அதனால போன் வச்சிருக்குறவனுக்கு யாரு கமிஷன் ஜாஸ்தி குடுக்குறாங்கன்னுதான் போட்டி. கமிஷன் ஏற ஏற ரேட்டு ஏறும். போட்டி வந்தா வெல கொறையும்னு நம்ம எகனாமிக்ஸ் வாத்தியார் சொன்னாரு, இங்க போட்டி வந்து வெல ஏறிருக்கு, கேட்டா சந்தைங்கறான். ஹோட்டல், ஏர்போர்ட், ஆஸ்பத்திரின்னு எங்கெல்லாம் மனுஷன் வேற போன் தேடி போக முடியாதோ அங்கெல்லாம் இவங்கதான்.

அப்பறம் வசூல். இந்த சின்ன கம்பெனிக்கு நம்ம அட்ரஸ் தெரியாது, நம்ம கிட்ட கணக்கு கெடையாது, ஆனா நம்ம உள்ளூர் போன் கம்பெனி மாசா மாசம் பில்லு அனுப்புது இல்லையா, அதுக்குள்ளயே ஒரு பக்கத்த சொருகி விட நடுவுல ஏஜென்டுங்க இருந்தாங்க, அவங்களுக்கு ஒரு பங்கு, உள்ளூர் கம்பெனிக்கு ஒரு பங்கு. ஆக என்னோட 21 டாலர்ல கேஸ் ஸ்டேஷன்காரன், போன் கம்பெனி, ஏஜென்டு, உள்ளூர்க்காரன்னு நாலு கை. நாலு கையில எந்தக் கையப் புடிச்சு கேப்ப? ஒருத்தன கேட்டா அடுத்தவன காட்டுவான். போன் லைன கட் பண்ணிருவானோன்னு பயந்துட்டு முக்காவாசி பேரு கட்டிருவாங்க, நாங்களும் மொத மாசம் கட்டிட்டோம்.

எண்பதுகள்ல இதவிட மோசம். நம்ம பூத் சண்டை மாதிரியே அங்கயும் நடந்திருக்கு, படிச்சப்ப எனக்கு சிரிப்பு தாங்கல. இந்த கம்பெனிங்க பல பேர் கிட்ட எதிர்ல ஆளு எடுத்தாச்சான்னு தெரிஞ்சுக்குற சிக்னல் கெடையாது, அதனால கொஞ்ச நேரம் ரிங் போனா எடுத்ததா கணக்கு வச்சு பில்லு போட்டிருவாங்க. எங்க மாமாவோட பொட்டி மாதிரியேதான், ஆனா பாதி விட்டுக்குடுக்க மாமா கெடையாது. இன்னொண்ணு இருக்கு, அவங்க பாஷையில ஸ்ப்ளாஷிங். நீங்க நியூயார்க்ல நின்னு பேசுவீங்க, ஆபரேட்டர் சென்டர் எங்கயோ ஆயிரம் மைல் தள்ளி இருக்கும், அங்க இருந்து வேற கம்பெனிக்கு கால தள்ளி விடுவாங்க, பில்லுல பாத்தா நீங்க அந்த ஊர்ல இருந்து பேசின மாதிரி தூரம் போட்டு வரும். பக்கத்து தெருவுக்கு பேசுனவனுக்கு தூரத்து கால் பில்லு.

ஜனங்க கத்தி கூப்பாடு போட்டு 1990ல ஒரு சட்டம் வந்துச்சு. கால் ஆரம்பிக்கும்போதே கம்பெனி பேர சொல்லணும், போன் மேல எழுதி ஒட்டணும், வேற கம்பெனி கோட அடிச்சா தடுக்கக் கூடாது, ஸ்ப்ளாஷிங் கூடாது, எடுக்காத காலுக்கு தெரிஞ்சே பில்லு போடக் கூடாது. ரேட்ட கொறைன்னு மட்டும் அதுல இல்ல. கேட்டா சொல்லணும், அவ்வளவுதான். எனக்கும் பேர சொல்லிருப்பான், "பாங்"னு ஒரு சத்தம் வந்து அதுக்கப்பறம் கடகடன்னு ஏதோ ஒரு பேரு, வந்து மூணு வாரம் ஆனவனுக்கு அது ஹலோ மாதிரிதான் கேட்டுச்சு. ஒட்டணும்னு சொன்ன பேப்பர் மேல வண்டி இழுக்குற டோயிங்காரன் ஸ்டிக்கர் இருந்துச்சு. ரேட்டு தெரிஞ்சுக்க என்ன பண்ணணும்னு காலுக்கு முன்னாடியே வாயால சொல்லணும்னு 1998லதான் எஃப்சிசி சொல்லுச்சு. எனக்கு ஒரு வருஷம் லேட்டு.

இதுல உச்சகட்டம் ஒண்ணு இருக்கு, டெக்சாஸ்ல கேடிஎன்டின்னு ஒரு கம்பெனி. ஆபரேட்டர் உங்களுக்கு எந்த லாங் டிஸ்டன்ஸ் கம்பெனி வேணும்னு கேப்பாங்க இல்லையா, ஜனங்க பாதி பேரு "ஐ டோன்ட் கேர்"னு சொல்லுவாங்க, இல்லன்னா "இட் டஸ்ன்ட் மேட்டர்", "ஹூஎவர்". இந்த புண்ணியவான் என்ன பண்ணான், "ஐ டோன்ட் கேர்"னே ஒரு கம்பெனி பேரு பதிவு பண்ணிட்டான், மத்த ரெண்டு பேரையும் சேத்துதான். எதுன்னாலும் பரவால்லன்னு சொன்னா கால் அவன்கிட்ட போகும், அவன் ரேட்டுல. நம்ம ஊர் ஹோட்டல்ல "என்ன சாப்பிடுறீங்க", "ஏதாவது குடுங்கண்ணே"ன்னு சொல்றோம்ல, அங்க ஒருத்தன் "ஏதாவது"ன்னே ஒரு ஐட்டம் போட்டு பிளேட் முந்நூறு ரூபான்னு வச்சா எப்படி இருக்கும், அதேதான். கோவப்படணும்னு தெரியுது, ஆனா படிக்கும்போது எழுந்து நின்னு கை தட்டலாம் போல இருந்துச்சு.

பெரிய கம்பெனிங்களும் யோக்கியம் கெடையாது. ஏடி அண்ட் டிக்கு போட்டியா இருந்த எம்சிஐ 1993ல 1-800-கலெக்ட்னு ஒரு நம்பர கொண்டு வந்து கலெக்ட் கால் எல்லாத்தையும் அள்ளுச்சு, ஏடி அண்ட் டி பதிலுக்கு 1-800-ஆபரேட்டர்னு நம்பர எழுத்துல விளம்பரம் பண்ணுச்சு. இங்கிலீஷ்ல ஆபரேட்டருக்கு ஏழாவது எழுத்து "ஓ", அது போன்ல ஆறாம் பட்டன். ஆனா ஸ்பெல்லிங் தெரியாம "ஈ" போடுற ஜனம் அங்கயும் லட்சக்கணக்குல உண்டு, அது மூணாம் பட்டன். அந்த தப்பு ஸ்பெல்லிங் நம்பர எம்சிஐ கமுக்கமா வாங்கி வச்சிருந்துச்சு. ஏடி அண்ட் டி கோடி கோடியா கொட்டி விளம்பரம் பண்ண பண்ண எம்சிஐக்கு கால் வந்து குமிஞ்சுது, பழம் நழுவி பால்ல விழுந்த மாதிரி. கடைசில அந்த நம்பரையே விட்டுட்டு ஏடி அண்ட் டி வேற நம்பருக்கு போயிருச்சு.

உண்மையான திருடங்களும் இருந்தாங்க, அதையும் சொல்லிறணும். நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் டெர்மினல்ல நான் மொத தடவ போனப்ப அண்ணன் சொல்லி அனுப்புனாரு, காலிங் கார்டு நம்பர் அடிக்கும்போது உடம்ப வச்சு மறைச்சுக்கோ, வாய்ல சொல்லாத. பதினாலு நம்பர், வீட்டு போன் நம்பர் பத்தும் ரகசிய நம்பர் நாலும், அத அடிச்சா எந்த போன்ல இருந்து பேசினாலும் கார்டுக்கு சொந்தக்காரன் பில்லுல ஏறிரும். தூரத்துல நின்னு பைனாகுலர் வச்சு விரல பாத்தே நம்பர புடிக்கிற ஆளுங்க இருந்தாங்க. புடிச்ச நம்பர வச்சு அதே பே போன்ல கடை போடுவாங்க, எந்த நாட்டுக்கு வேணாலும் பேசு, இத்தன டாலர் குடுன்னு. வாங்குறது யாரு? நம்மள மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்து ஊருக்கு பேச காசு இல்லாதவங்க. எவனோ ஒரு சேல்ஸ்மேன் கார்டுல ஆயிரக்கணக்கான டாலர் பில்லு வரும். என்கிட்டயும் ஒருத்தன் வந்து "இண்டியா? பாகிஸ்தான்?"னு கேட்டான். ஒரு செகண்டு, ஒரே ஒரு செகண்டு, அம்மாகிட்ட பேசலாமான்னு தோணுச்சு. பேசல. நல்லவன்னு இல்ல, விசா பயம்.

பொறவு நான் இந்தியன் கடை பிரீபெய்டு கார்டுக்கு மாறிட்டேன், அதுல வேற கூத்து, இத்தன நிமிஷம்னு கொட்ட எழுத்துல போட்டிருப்பான், மெயின்டெனன்ஸ் ஃபீஸ்னு ஒண்ணு பேசாமலே தின்னுரும். பே போன்ல இருந்து அடிச்சா போன்காரனுக்கு குடுக்கணும்னு ஒரு தொகைய தனியா கழிப்பான், அது மட்டும் எஃப்சிசியே 1997 அக்டோபர்ல போட்ட கணக்கு, காலுக்கு 28.4 சென்ட், கார்டுக்காரன் அதுக்கு மேலயும் வச்சு எடுத்துக்குவான்.

அப்ப அமெரிக்கா முழுக்க 20 லட்சத்துக்கு மேல பே போன் இருந்துச்சு. செல்போன் வந்து எல்லாத்தையும் தூக்கிட்டு போயிருச்சு. ஆனா இந்த ஆட்டம் அதுக்கப்பறமும் ரொம்ப வருஷம் அப்படியே மிச்சம் இருந்த எடம் ஒண்ணு உண்டு, ஜெயில். வேற போன் தேடி போக முடியாத ஆளு, கமிஷன் வாங்குற நிர்வாகம், பில்லு கட்டுற குடும்பம் வெளிய. மார்த்தா ரைட்னு வாஷிங்டன்ல ஒரு பாட்டி, பேரன் ஜெயில்ல, அவன்கிட்ட பேசுற செலவு தாங்காம கோர்ட்டு, எஃப்சிசின்னு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. அவங்க பேர்லயே சட்டம் கையெழுத்தானது 2023 ஜனவரில, அப்ப அவங்க உயிரோட இல்ல.

என்னோட 21 டாலருக்கு என்ன ஆச்சு? மூணு தடவ போன் பண்ணேன். மூணாவது தடவ வேற ஒரு அம்மா, மரியாதைக்காக ஒரே ஒரு தடவ பாதி தள்ளுபடி பண்றோம்னு சொல்லி 10 டாலர் 80 சென்ட் அடுத்த பில்லுல கழிச்சாங்க. அண்ணன் அந்த கழிச்ச வரிக்கும் பச்சை பேனாவ குடுத்து கோடு போடச் சொன்னாரு.

தீபாவளிக்கு மாமாவுக்கு கார்டு போட்டு பேசும்போது இந்த கதைய முழுசா சொன்னேன், பூஜ்யம், பாங் சத்தம், நாலு கை, ரிங் போனா பில்லு, எல்லாம். பாவம்டா மருமவனேன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். மாமா கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். அப்பறம் தொண்டைய கனைச்சுட்டு கேட்டாரு, "ஏலே, அந்த பெட்ரோல் பங்க்காரனுக்கு கமிஷன் எத்தன பர்சென்டாம்?"